நைட் ஷிஃப்ட் அலுத்ததா, வேலை அலுத்ததா?

கேள்வி: ஐயா, நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் 1998-ல் சேர்ந்தேன். இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். சென்ற ஆவணியில் 56 முடிந்தது. 58-ல்தான் ரிட்டயர்மென்ட், இன்னும் 18 மாதம் இருக்கிறது. வேலை சுத்தமாக அலுத்துவிட்டது. C ஷிஃப்ட் முடிந்து காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, எதிரே வாக்கிங் போகிறவர்களைப் பார்த்தால் அழுகை வருகிறது. போன மாதம் ஒரு பம்ப்பில் சீல் போய் ஒழுகியபோது புதுப் பையன்களை வைத்துக்கொண்டு நானே கழற்றி மாட்டிக் காட்டினேன். அந்த ஒரு நாள்தான் நேரம் போனதே தெரியவில்லை. மற்ற நாளெல்லாம் அலுப்பு. என் நண்பர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சாயங்காலமானால் சில்வர் பீச், வருஷத்துக்கு இரண்டு யாத்திரை என்று ராஜா மாதிரி இருக்கிறார். பி.எஃப்.பில் 27 லட்சம், தபால் ஆபீஸ் டெபாசிட் 4 லட்சம். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 32,000. பென்ஷன் மாதம் 6,400 வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். வீட்டுக் கடனும் நகைக் கடனுமாக 4 லட்சம் பாக்கி. மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் 7,000 சம்பாதிக்கிறாள். வீட்டுச் செலவு 25,000. இப்போதே விட்டுவிடலாமா? மனைவி, "வீட்டில் உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க?" என்கிறாள்.

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன், சார். முதல் தரம் பணக்கணக்குக்காக. இரண்டாம் தரம் அந்தப் பம்ப்புக்காக. வேலையே அலுத்துப்போனவர் சீல் மாற்றிய கதையை இவ்வளவு ஆசையாக எழுத மாட்டார். உங்களுக்கு அலுத்திருப்பது வேலையா, C ஷிஃப்ட்டா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அழுகை வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும் ராத்திரி முழுக்க விழித்த காலையில்தான் வருகிறது. மத்தியான ஷிஃப்ட் முடிந்து வரும்போது வருவதாக எழுதவில்லை.

முப்பது வயதில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து குளித்துவிட்டு, கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு, மத்தியானம் மாட்னி பார்த்தவர்தான் நீங்களும். ஐம்பதைத் தாண்டினால் உடம்பு அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. பகல் தூக்கம் எப்போதுமே அரைத் தூக்கம். வெளிச்சம், குக்கர் விசில், வாசலில் கோலமாவு வண்டி. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று மாறிக்கொண்டே இருந்தால் உடம்பு ஒன்றுக்குப் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அதனால் ராஜினாமா பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குறட்டை பலமாக இருந்து, தூங்கி எழுந்தும் களைப்பு போகவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் பணத்துக்கு ஆலோசனை சொல்கிறவன், வைத்தியன் இல்லை. ஆனால் என்னிடம் வேலையை விடலாமா என்று கேட்டு வந்த ஒருவருக்கு, தைராய்டு மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வியே மறந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ஜெனரல் ஷிஃப்ட் கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. 28 வருஷம் இருந்த மனிதர், 18 மாதத்தில் போகப் போகிறவர், புதுப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர். "என்னை ஜெனரல் ஷிஃப்ட்டில் போடுங்கள், பராமரிப்புப் பையன்களைத் தயார்செய்து கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று எழுத்தில் கேளுங்கள். நைட் அலவன்ஸ் போகும், ஓவர்டைம் போகும், போகட்டும். வாயால் கேட்டு மறுத்தால் அது பேச்சு. எழுத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்துவிட்டால் அப்போது விடுவதைப் பற்றிப் பேசலாம். இந்த ஒரு கடிதத்தை எழுதாமல் ராஜினாமா கடிதத்தை எழுதாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கால் பங்கு. மீதி கால் பங்கு பணம். அதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பென்ஷனில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அங்கேதான் தப்பு நடந்திருக்கிறது. 15,000 ரூபாயை 30 வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுத்து 6,400 என்று போட்டிருக்கிறீர்கள். 28 வருஷ சர்வீஸோடு, 20 வருஷம் தாண்டியவர்களுக்குத் தரும் 2 வருஷ போனஸையும் மறக்காமல் சேர்த்திருக்கிறீர்கள். அது சரி. ஆனால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பென்ஷனுக்கு 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள் என்ற உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1-ல் தான் வந்தது. அதற்கு முன் 6,500. அந்தத் தேதிக்கு முன்பே சேர்ந்தவர்களுக்கு, அதுவரை செய்த சர்வீஸை 6,500 கணக்கிலும் அதற்குப் பிறகான சர்வீஸை 15,000 கணக்கிலும் தனித்தனியாகப் போட்டுத்தான் கூட்டுவார்கள். உங்களுக்கு 2014 வரை பதினாறரை வருஷம். அதற்கு வருவது சுமார் 1,530. பிறகு பதினொன்றரை வருஷம். அதற்குச் சுமார் 2,460. போனஸ் 2 வருஷத்துக்கு 400 ரூபாய்ச் சொச்சம். மொத்தம் 4,400-ஐ ஒட்டித்தான் நிற்கும். நிஜச் சம்பளத்தின் மேல் பென்ஷன் வேண்டும் என்று 2023-ல் விருப்பம் கொடுத்தவர்களுக்கு வேறு கணக்கு. அதைக் கொடுத்திருந்தால் நீங்கள் 15,000-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருக்க மாட்டீர்கள்.

இதுவும் 58 முடிந்து வாங்கினால்தான். 50-க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டி வாங்கலாம், ஆனால் 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டு, அதுவும் ஆயுசுக்கும். வேலையை விட்டாலும் பென்ஷனை 58-ல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நண்பரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் வாங்குவது அரசு பென்ஷன் என்றால் அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். உங்களது ஏறாது. இன்றைக்கு 4,400 என்றால் உங்கள் எழுபதாவது வயதிலும் 4,400. அவர் ராஜா மாதிரி இருப்பதில் சந்தோஷப்படுங்கள், சேர்ந்து சில்வர் பீச்சுக்குப் போங்கள், ஆனால் அவரைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள்.

இனி மொத்தப் பணம். கிராஜுட்டி, 32,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதை 28 வருஷத்தால் பெருக்கினால் 5,17,000 வரும். பி.எஃப். 27, தபால் ஆபீஸ் 4. ஆக 36 லட்சம். கடன் 4 லட்சத்தை முதல் நாளே அடைத்துவிடுங்கள், அதிலும் நகைக் கடனை முதலில். மீதி 32. மகன் கல்யாணத்துக்கு 5 ஒதுக்குங்கள். பெங்களூரில் இருக்கிறான், அவனே பார்த்துக்கொள்வான் என்பீர்கள். பத்திரிகை உங்கள் பெயரில்தானே அடிப்பீர்கள்? ஆபத்து அவசரத்துக்கு 3 லட்சம் வங்கியில், எடுக்கிற மாதிரி. மீதி 24.

இதில் 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 ஆகவில்லையே என்று நினைக்க வேண்டாம். 55 தாண்டி ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பணம் கைக்கு வந்து 3 மாதத்துக்குள் போட அனுமதி உண்டு. கம்பெனியிலிருந்து ஒரு சான்றிதழ் கேட்பார்கள்: எந்தத் தேதியில் ஓய்வு, என்ன பதவி, எத்தனை வருஷம், எவ்வளவு தொகை கொடுத்தோம் என்று. கணக்கு முடிக்கிற அன்றே அதையும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு எச்.ஆரில் போய் நின்றால், 28 வருஷம் உங்களுக்கு வணக்கம் வைத்த பையனே "அடுத்த வாரம் வாங்க சார்" என்பான். 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 8.2 சதவீதம், உச்சவரம்பு 30 லட்சம். நீங்கள் போடுகிற அன்றைக்கு உள்ள வட்டி 5 வருஷத்துக்கு மாறாது. 20 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 41,000 வரும். மாதத்துக்கு வகுத்தால் 13,600 சொச்சம். சம்பளம் மாதிரி முதல் தேதி வராது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் வரும். நடுவில் உள்ள இரண்டு மாதமும் கை கட்டி இருக்கப் பழக வேண்டும். இந்தப் பழக்கம் வராமல் முதல் வருஷம் நகையைத் திரும்ப அடகு வைத்தவர்கள் உண்டு.

மிச்சம் 4 லட்சத்தைப் பத்து வருஷத்துக்குத் தொடாமல் வளரவிடுங்கள். ஒரு பகுதியை இன்டெக்ஸ் ஃபண்டில், அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டோடு ஏறி இறங்கும் மியூச்சுவல் ஃபண்டில், போடலாம் என்பது என் அபிப்பிராயம். இறங்கினால் தூக்கம் வராது என்றால் வேண்டாம்; தூக்கத்துக்காகத்தானே வேலையையே விடப் பார்க்கிறீர்கள்.

சரி, கூட்டுவோம். வட்டி 13,600, பென்ஷன் 4,400, வீட்டம்மாவின் தையல் 7,000. ஆக 25,000. உங்கள் செலவும் 25,000. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிடாதீர்கள். முதலாவது, பென்ஷன் இன்னும் 18 மாதம் கழித்துத்தான். இரண்டாவது, அந்த 25,000-ஐ நான் நம்பவில்லை.

வீட்டில் மொய் நோட்டு இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். போன சித்திரையிலிருந்து இந்தப் பங்குனி வரை எத்தனை கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம்? மகளுக்குக் கல்யாணம் முடித்தவர் நீங்கள். அன்றைக்கு உங்களுக்கு எழுதியவர்களுக்கெல்லாம் திருப்பி எழுதும் காலம் இது. சம்பளம் இருக்கும்போது ஆயிரம் ஆயிரமாகப் போவது தெரியாது. என்னிடம் வருகிறவர்களை முதலில் மொய் நோட்டைக் கொண்டுவரச் சொல்வேன். வருஷத்துக்கு 30,000-க்குக் கீழே வந்தவர்கள் குறைவு. அதன் மேல் மகள் வீட்டுத் தீபாவளிச் சீர், பொங்கல் சீர், வீட்டு வரி, வண்டி இன்ஷூரன்ஸ். கடலூர்க்காரருக்கு மழைக்கணக்கு வேறு. 2011 டிசம்பரில் தானே புயல் வந்துபோன பிறகு வீட்டுக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். இதையெல்லாம் பன்னிரண்டால் வகுத்துச் சேர்த்தால் மாதச் செலவு 32,000-க்குக் குறையாது.

மெடிக்கல் இன்ஷூரன்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுக்கிற குரூப் பாலிசி, வேலையை விட்ட அன்றோடு போய்விடும். விடுவதற்கு முன்பே அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் தனிப் பாலிசியாக மாற்றிக்கொடுக்கக் கேளுங்கள். புதிதாக வேறு இடத்தில் எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்த மட்டும் லாபம். ஜிப்மர் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கடலூர்க்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஓ.பி. வரிசையில் விடியற்காலையில் போய் நின்றவர்கள் யாரும் அதை மட்டும் நம்பி இருக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஆக, இப்போதே விட்டால் பென்ஷன் வரும்வரை மாதம் 11,000, வந்த பிறகு 7,000 துண்டு விழுகிறது. விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் செலவு இரட்டிப்பாகும் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

58 வரை இருந்தால் எவ்வளவு கூடும்? பி.எஃப். 31 லட்சத்தைத் தாண்டும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. பிரித்துப் பாருங்கள்: அந்த நாலரை லட்சத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் பழைய பணத்துக்கு வரும் வட்டி. 18 மாதம் உழைத்து நீங்களும் கம்பெனியும் போடுவது ஒரு லட்சத்துச் சொச்சம்தான். கிராஜுட்டியில் ஏறுவது வருஷத்துக்கு 18,000. பென்ஷனில் 300 ரூபாய்ச் சொச்சம். இதற்காக ஒருவர் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 18 மாதமும் வீட்டுச் செலவைச் சம்பளம் பார்த்துக்கொள்கிறது, சேர்த்ததில் கை வைக்காமல் இருக்கிறீர்கள். அது மட்டும் ஐந்தே முக்கால் லட்சம். கூடவே நகைக் கடனைச் சம்பளத்திலேயே மீட்டுவிடலாம்.

அதனால் என் யோசனை இது. ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்தால் 58 வரை இருங்கள். கிடைக்காவிட்டால் நகைக் கடனை மீட்டு, இன்ஷூரன்ஸை மாற்றிக்கொண்டு, மாதம் பத்தாயிரம் வருகிற பகல்நேர வேலை ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு வெளியே வாருங்கள். பம்ப், வால்வு, சீல் தெரிந்த கைக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் வேலை கிடைக்காமல் போகாது. தனியார் ஐ.டி.ஐ.களில் கேட்டுப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை உங்களுக்கு அலுக்காது என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

பணம் கைக்கு வந்த வாரம் போன் வரும். வங்கியிலிருந்து வரும், தெரிந்தவர் மூலமாக வரும், கோயிலில் பார்த்தவர் வீட்டுக்கே வருவார். எனக்கே நடந்தது. முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான், 54-ல் விருப்ப ஓய்வு வாங்கினேன். பணம் வந்த பத்தாம் நாள் பழைய சகா ஒருவர் டிபன் சாப்பிட வந்தார். வருஷத்துக்கு 2 லட்சம், ஐந்து வருஷம் கட்ட வேண்டிய பாலிசி ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வருமானம் நின்றுபோனவன் ஐந்து வருஷத்துக்குப் பிரீமியம் எங்கிருந்து கட்டுவான் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. விஷயம் உறைத்தபோது பாலிசியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு தாண்டிவிட்டது. இப்போது அந்தக் கெடு 30 நாள். நீங்கள் கையெழுத்தே போடாமல் ஆறு மாதம் இருங்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி தருகிறேன் என்று யாராவது வந்தால் உட்காரக்கூடச் சொல்லாதீர்கள். டெபாசிட் போட்டு ஏமாந்தவர்களுக்காகவே தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அப்படியும் இன்றுவரை ஏமாறுகிறவர்கள் குறையவில்லை.

இனி உங்கள் வீட்டம்மா கேட்ட கேள்வி. வீட்டில் உட்கார்ந்து என்ன பண்ணப் போகிறீர்கள்? இதை நீங்கள் கிண்டலாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அவர் தொழில் பற்றிக் கேட்கிறார், சார். தையல் மிஷின் எங்கே இருக்கிறது? முன் ஹாலில்தானே இருக்கும்? அளவு கொடுக்கப் பெண்கள் வந்து நிற்கும் இடம் அது. இத்தனை வருஷம் பகலில் அந்த ஹால் அவருடையது. நீங்கள் ஷிஃப்ட்டில் இருப்பீர்கள், இல்லை உள்ளறையில் கதவைச் சாத்தித் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். நாளைக்கு ஈஸிசேரைப் போட்டுக்கொண்டு, பனியனோடு டி.வி. பார்த்துக்கொண்டு நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண் வந்து பிளவுஸ் அளவு கொடுப்பாள்? அந்த 7,000 கணக்கில் வருகிறது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். காலை 10 முதல் 1 வரை நீங்கள் வீட்டில் இல்லாமல் இருப்பது, இல்லை மாடியில் இருப்பது, ஓய்வுத் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

நான் செய்த கூத்தையும் சொல்கிறேன். ஓய்வு பெற்ற இரண்டாம் வாரம் சமையலறை அலமாரியை அடுக்க ஆரம்பித்தேன். உளுந்து, துவரை, பாசிப்பருப்பு எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினேன். தீப்பெட்டியை எண்ணி வைத்தேன். என் மனைவி ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "ஆடிட் எப்ப முடியும்னு சொன்னீங்கன்னா அதுவரைக்கும் எங்க அம்மா வீட்ல இருந்துட்டு வரேன்" என்றாள். லேபிள்களை மறுநாளே கிழித்துவிட்டேன். பெருங்காய டப்பாவில் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே புதுச்சேரியில் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டிகளை விட மாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து துய்ப்ளே சிலை வரை ஓய்வு பெற்றவர்களின் ராஜ்ஜியம்தான். நானும் தினமும் போகிறேன். புதிதாக ரிட்டயர் ஆனவர் யார் என்று நடையிலேயே தெரிந்துவிடும். மணி பார்த்துப் பார்த்து நடப்பார். கூட்டத்தை முந்திக்கொண்டு போவார். ஏழரைக்கு வண்டிகளை விட்டதும் அவசரமாக வீட்டுக்குக் கிளம்புவார். போய் ஒரு வேலையும் இருக்காது. நாலு மாதம் போனால் நடை தளரும். டீக்கு நிற்பார். பேப்பரைப் பங்கு போட்டுப் படிப்பார். சிலர் அதற்குள் காணாமல் போய்விடுவார்கள், விசாரித்தால் ஏதோ ஒரு கடையில் கணக்கு எழுதப் போயிருப்பார்கள், பணத்துக்காக இல்லை, யாராவது "சார் வந்துட்டாரா?" என்று கேட்பதற்காக.

எங்கள் ஊரில் சொல்தா என்று சொல்வோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, நல்ல வயதிலேயே பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். பணத்துக்குக் கவலையில்லை, முன்னால் நெடுங்காலம் கிடக்கிறது. அப்படிப்பட்டவர்களில் இரண்டு மாதிரியையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். திண்ணையிலேயே உட்கார்ந்து பாட்டிலோடு போனவரும் உண்டு. என் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். சாயங்காலம் நாலரை ஆனால் இரும்புக் குண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பெத்தாங் என்ற பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடக் கிளம்புவார். மழை பெய்தால் குண்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பார். அந்த நாலரை மணி அவரைக் கடைசிவரை நிமிர்ந்து நடக்க வைத்தது.

உங்களுக்கு நாலரை மணிக்கு என்ன இருக்கிறது? இதை உட்கார்ந்து யோசித்தால் வராது, இருந்து பார்த்தால்தான் தெரியும். தொழிற்சாலையில் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்று ஈட்டிய விடுப்பு சேரும். முப்பது நாள் வரை சேர்த்து வைத்திருப்பீர்கள். அதைக் காசாக்க வேண்டாம். மகன் ஊருக்குப் போகவோ கோயில் சுற்றவோ செலவழிக்கவும் வேண்டாம். வடலூர் பூசத்துக்குப் போய்வர ஆசைப்பட்டால் ஒரு நாள் போய்விட்டு வாருங்கள். மற்றபடி ஊரிலேயே இருங்கள், ரிட்டயர் ஆனவர் மாதிரியே. அந்த மாதம் வீட்டுச் செலவுக்கு 32,000-ஐ மட்டும் தனியாக எடுத்து வைத்து அதற்குள் நடத்துங்கள். முதல் வாரம் தூங்கியே கழியும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாம் வாரம் நன்றாக இருக்கும், அதையும் நம்பாதீர்கள். மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, மிஷின் சத்தம் ஹாலில் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அந்தத் தாளையும், மொய் நோட்டைப் பார்த்து எழுதிய வருஷக் கணக்கையும், ஜெனரல் ஷிஃப்ட் கடிதத்துக்கு வந்த பதிலையும் அனுப்புங்கள். 32,000 என்று நான் போட்டது என் ஊகம்; உங்கள் நோட்டு வேறு தொகை சொன்னால் மேலே உள்ள கணக்கைத் திருத்தித் தருகிறேன். வீட்டம்மாவையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அந்த ஒரு மாதம் அவருக்கு எத்தனை பிளவுஸ் குறைந்தது என்று.